பழைய வெள்ளிப் பொடி டப்பா: வாங்கும் முன் செதுக்கலைப் படியுங்கள்

மூக்குப்பொடி வைக்கும் பழைய வெள்ளிப் பொடி டப்பா ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் மூடியைத் திறந்து உள்ளே முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் உடனே திறப்பதில்லை. மூடியபடியே ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மேலே உள்ள செதுக்கலைப் பார்ப்பேன். அந்த வெள்ளியை எந்த ஊரில், எந்த ஆண்டில் சோதித்தார்கள் என்பதை முத்திரை சொல்லும். அதன் பிறகு அந்த டப்பா என்ன பாடு பட்டது என்பதைச் செதுக்கல்தான் சொல்லும். எத்தனை தடவை தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள், யாருடைய பெயரை அழித்தார்கள், எந்தக் கோலம் நேற்றுப் போட்டது எல்லாம் அதில் தெரியும். முத்திரை, செதுக்கல், கீல் மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஒரே கதையைச் சொன்னால் வாங்கலாம். ஒன்று மாற்றிச் சொன்னாலும் கீழே வைத்துவிடுங்கள்.

இந்த வேலைக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, ஒரு கிராம்வரை துல்லியமாகக் காட்டும் தராசு, மில்லிமீட்டர் அளவுகோல், ஒரு சின்ன டார்ச். கண்ணாடியை மட்டும் நல்லதாக வாங்குங்கள். முப்பது மடங்கு என்று போட்டிருக்கும் மலிவான கண்ணாடியைவிடத் தெளிவான பத்து மடங்கு கண்ணாடியில்தான் நிறையத் தெரியும்.

எது பொடி டப்பா, எது இல்லை

மூக்குப்பொடிக்கான டப்பாவின் இலக்கணம் எளிது. பொடி காய்ந்துவிடக் கூடாது, சட்டைப்பையில் கொட்டிவிடவும் கூடாது. அதனால் மூடி இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், கீல் நீளமான பக்கத்தில் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். சட்டைப்பை டப்பாக்கள் பெரும்பாலும் 6 முதல் 9 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சிலவற்றின் அடிப்பாகம் உடம்போடு ஒட்டி நிற்பதற்காக லேசாக வளைந்திருக்கும். மேஜையில் வைத்து விருந்தினருக்கு நீட்டுவதற்கான டப்பாக்கள் இவற்றைவிடப் பெரியவை, கனமானவை.

உள்ளே ஓட்டைகள் போட்ட இரண்டாவது மூடி ஒன்று சல்லடைபோல இருந்தால் அது வினிகிரெட். வாசனைக் காடியில் நனைத்த கடற்பஞ்சுத் துண்டு வைப்பதற்கானது. சொரசொரப்பான இரும்புத் தகடு இருந்தால் ஜாதிக்காய் துருவி. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். வினிகிரெட்டின் உள்மூடி தொலைந்துபோனதும் அதைப் பொடி டப்பா என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. மிகச் சிறியதாக, 3 அல்லது 4 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால் உள்விளிம்பில் இன்னொரு கீல் இருந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள்.

எங்கே ஆரம்பிப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது 1800 முதல் 1850 வரையிலான பர்மிங்காம் டப்பாக்கள். காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகம் பர்மிங்காமில் 1773இல்தான் வந்தது. அதுவரை அந்த ஊர்ப் பட்டறைக்காரர்கள் தங்கள் சரக்கைத் தொலைவில் உள்ள ஊர்களுக்கு அனுப்பித்தான் முத்திரை வாங்கினார்கள். வழியில் அடிபட்டு நசுங்கியும் வந்தது. பர்மிங்காம் பட்டறை முதலாளி மேத்யூ போல்டன் முன்னின்று நாடாளுமன்றம்வரை போய் வாதாடித்தான் பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் சொந்த அலுவலகம் கிடைத்தது. அதற்குப் பிறகு சின்னச் சின்ன வெள்ளிப் பொருள்களில் பர்மிங்காமை மிஞ்ச ஊர் இல்லை. சாமுவேல் பெம்பர்டன், மேத்யூ லின்வுட், ஜோசப் டெய்லர், ஜோசப் வில்மோர், எட்வர்ட் ஸ்மித், நதானியேல் மில்ஸ் ஆகிய பெயர்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் செய்தவை நிறையப் பிழைத்திருக்கின்றன, முத்திரைகளும் பெரும்பாலும் முழுமையாக இருக்கும். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ஒப்பிடாமல் இந்தக் கண் வராது.

பதினெட்டாம் நூற்றாண்டு டப்பாக்கள் அழகு அதிகம். ஆனால் அந்தக் காலத்தில் சிறிய பொருள்கள் பலவற்றுக்கு முழு முத்திரையிலிருந்து விலக்கு இருந்தது. செய்தவர் முத்திரை மட்டுமோ, அதோடு வெள்ளியின் தரத்தைக் காட்டும் சிங்கக் குறி மட்டுமோ இருக்கும். ஆண்டு இருக்காது. செதுக்கலையும் வடிவத்தையும் வைத்தே காலத்தைக் கணிக்க வேண்டும். அதைக் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

1850க்குப் பிறகு சுருட்டும், அப்புறம் சிகரெட்டும் வந்தன, மூக்குப்பொடி பழக்கம் குறைந்தது. அதே பர்மிங்காம் பட்டறைகள் விசிட்டிங் கார்டு பெட்டிக்கும் தீப்பெட்டி உறைக்கும் மாறின. பிற்காலப் பொடி டப்பாவில் நல்லதும் இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை குறைவு.

செதுக்கலைப் படிப்பது

மூடியில் தெரியும் வேலை எல்லாமே செதுக்கல் ஆகிவிடாது. கூருளியால் வெள்ளியைச் சுரண்டி எடுத்து வெட்டுவதுதான் செதுக்கல். அங்கே உலோகம் உண்மையாகவே குறைகிறது. பின்பக்கத்திலிருந்து தட்டிப் புடைத்து, முன்பக்கத்தில் மழுங்கிய உளியால் உருக்கொடுப்பது புடைப்பு வேலை. அதில் உலோகம் நகரும், குறையாது. இரும்பு அச்சில் வைத்து அழுத்தி எடுப்பது இன்னொன்று. நதானியேல் மில்ஸ் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கோட்டை மூடிகள், அதாவது வின்ட்சர், வார்விக், கெனில்வொர்த் கோட்டைகள், நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் அபாட்ஸ்ஃபோர்டு வீடு போன்ற காட்சிகள், அச்சிலிருந்தும் புடைப்பிலிருந்தும் வந்தவை. அதே காட்சிகளைத் தட்டையாகச் செதுக்கியும் செய்திருக்கிறார்கள். மக்கள் புடைத்ததைத்தான் துரத்துகிறார்கள். எனக்கோ நல்ல கையால் செதுக்கிய தட்டை மூடிதான் ஒரு படி மேல். புடைப்பில் அச்சு செய்தவரின் திறமை பாதி, செதுக்கலில் உளி பிடித்தவரின் கை மட்டுமே.

செதுக்கலிலும் மூன்று வகையை இனம்காணப் பழகுங்கள்.

சாதாரணக் கோட்டுச் செதுக்கல்தான் எழுத்துக்கும் குடும்பச் சின்னத்துக்கும் காட்சிக்கும். கண்ணாடியில் பார்த்தால் கோடு ஊசியாகத் தொடங்கும், நடுவில் பருக்கும், மறுபடி ஊசியாக முடியும். உளி உள்ளே இறங்கி மேலே ஏறியதன் தடம் அது.

இரண்டாவது, பளிச்செனும் வெட்டு. ஆங்கிலத்தில் பிரைட் கட் என்பார்கள். உளியின் முனையை நன்றாக மெருகேற்றிச் சாய்வாக வெட்டினால், வெட்டிய முகமே கண்ணாடிபோல வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். 1780, 1790களின் தோரணங்களும் விளிம்புக் கொடிகளும் இப்படி வெட்டியவை. இதன் பலவீனம், தேய்த்தால் முதலில் போவது இதுதான். பளிச்வெட்டு இன்னும் மினுங்குகிறது என்றால் அந்த டப்பாவை அவ்வளவாக யாரும் தேய்க்கவில்லை. இப்படி ஒன்று கிடைத்தால், முத்திரை கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நான் யோசிக்க மாட்டேன்.

மூன்றாவது எந்திரக் கோலம், அதாவது எஞ்சின் டர்னிங். கடைசல் எந்திரத்தில் டப்பாவைப் பூட்டி, அலை அலையாகவும் கோதுமை மணி வரிசையாகவும் சீரான கோடுகள் போட்டிருப்பார்கள். 1820 முதல் 1850 வரை பர்மிங்காமில் இது இல்லாத டப்பா குறைவு. இதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு. கோலம் சீரானது என்பதால் சொட்டை விழுந்ததும், ஒட்டுப்போட்டதும், ஒரு மூலை தேய்ந்ததும் உடனே கண்ணில் படும். அலை ஓரிடத்தில் மட்டும் நெளிந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

என்னிடம் உள்ளவற்றில் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது 1842ஆம் ஆண்டு முத்திரையுள்ள ஒரு மில்ஸ் டப்பா. நான்கு பக்கமும் எந்திரக் கோலம். விரல் வைத்துத் திறக்கும் விளிம்பில் பூவும் இலையுமாகத் தனியே வார்த்துப் பற்றவைத்த கொடி. மூடியின் நடுவில் வெறுமையாக விட்ட நீள்சதுரத்தில் நான்கு வரி எழுத்து. பட்டறைத் தொழிலாளிகள் சேர்ந்து தங்கள் மேஸ்திரிக்குக் கொடுத்த அன்பளிப்பு என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது வரியில் எழுதியவருக்கு இடம் போதவில்லை. கடைசி நான்கு எழுத்துகளை ஒல்லியாக்கி நெருக்கியிருக்கிறார். கண்ணாடியில் பார்த்தால் எழுத்துக்கு மேலும் கீழும் அவர் அளவுக்காகக் கீறிய முடி போன்ற இரண்டு கோடுகள் இன்னும் தெரிகின்றன. பாலிஷ் போட்டுப் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த இரண்டு கோடும்தான் முதலில் காணாமல் போயிருக்கும். அவை இருப்பதே அந்த மூடிக்குக் கிடைத்த நற்சான்று. இதைப் போன்ற தடயம் ஒன்று கிடைத்தாலே போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியத் தொடங்கும்.

பிற்காலத்தில் போட்ட செதுக்கலைக் கண்டுபிடிப்பது எப்படி? இதுதான் இந்தச் சேகரிப்பின் மையம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வெள்ளி மென்மையான உலோகம். நூறு, நூற்றைம்பது ஆண்டு கைபட்டால் மேற்பரப்பு முழுக்க எல்லாத் திசையிலும் மெல்லிய கீறல்கள் இருக்கும். டப்பாவோடு பிறந்த செதுக்கல் என்றால் அந்தக் கீறல்கள் செதுக்கிய கோட்டின் உதட்டின் மீதும் ஏறி இறங்கியிருக்கும், உதடு லேசாக உருண்டிருக்கும். புதிதாக வெட்டியது என்றால் பழைய கீறல்கள் கோட்டின் விளிம்பில் வந்து கத்தியால் அறுத்ததுபோல நின்றுவிடும். ஒரு கீறலைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் அதைப் பின்தொடருங்கள். கோட்டைத் தாண்டுகிறதா, கோட்டால் அறுபடுகிறதா? எது முதலில் வந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது விரல் சோதனை. விரல் நுனியை அழுத்தாமல் செதுக்கல் மேல் ஓட்டுங்கள். புதுச் செதுக்கல் தோலைப் பிடிக்கும். பழையது வழுக்கும். அடுத்து, கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய கோட்டின் அடியில் இறுகிய கருமை இருக்கும், அது ஒரே மாதிரி இருக்காது. கரும்பொடியைத் தடவி பழசாக்கியது என்றால் எல்லாக் கோட்டிலும் ஒரே அளவாக இருக்கும், பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும். லேசர் செதுக்கல் என்றால் கோட்டின் அடி தட்டையாக, புள்ளி புள்ளியாக, பனி படர்ந்த கண்ணாடிபோல மங்கலாக இருக்கும். ஊசியாகத் தொடங்கிப் பருக்கும் அழகு அதற்கு வராது.

கடைசியாக முழு டப்பாவையும் ஒருசேரப் பாருங்கள். மூலைகள் தேய்ந்து வழவழப்பாகி, பக்கத்து எந்திரக் கோலம் பாதி அழிந்து, நடுவில் மட்டும் வேட்டைக் காட்சி கூர்மையாக நிற்கிறதா? அந்த வேட்டை பின்னால் வந்தது. மூடியின் உட்புறத்தில் உள்ள முத்திரை கூர்மையாக இருப்பது வேறு விஷயம், அது கைபடாத இடம், அப்படித்தான் இருக்கும்.

அழித்த பெயர்கள்

பரிசுப் பொருளை விற்கும்போது பெயரை அழித்துவிட்டு விற்பது பழைய வழக்கம். அழிப்பது என்றால் சுற்றியுள்ள வெள்ளியையும் சேர்த்துச் சுரண்டுவதுதான். அந்த இடம் மெலிந்துவிடும். மூடியைத் திறந்து கட்டைவிரலை உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நடுவில் தகடு மெலிந்தால் கைக்குத் தெரியும். மோசமாக மெலிந்தது என்றால் அழுத்தும்போது லேசாக அமுங்கி மீளும், பலமாக அழுத்திவிடாதீர்கள். ஜன்னல் சட்டத்தின் நேர்கோடு மூடியில் பிரதிபலிக்கும்படி சாய்த்துப் பார்த்தால், பள்ளம் இருக்கும் இடத்தில் அந்தக் கோடு வளையும். இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை, எந்தக் கருவியும் வேண்டாம்.

மூச்சு ஊதிப் பார்ப்பதும் அருமையான வழி. வாயைக் குவிக்காமல் திறந்து வெதுவெதுப்பான மூச்சை விடுங்கள். ஈரம் படர்ந்து விலகும் அந்தச் சில நொடிகளில் அழித்த சின்னத்தின் நிழலும், பற்றவைத்த இடத்தின் எல்லைக்கோடும், மங்கிப்போன முத்திரையும் தலைகாட்டும்.

எழுத்து இருப்பதாலேயே டப்பாவின் மதிப்பு குறையும் என்று நினைக்காதீர்கள். யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு மனதாரக் கொடுத்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஊர், கப்பல், சுரங்கம், சங்கம் என்று ஏதாவது ஒன்று அதில் இருந்தால் பழைய செய்தித்தாள்களிலும் ஊர்ப் பதிவேடுகளிலும் தேடி ஆளைக் கண்டுபிடிக்கக்கூட முடியும். வெறுமையான மூடியைவிட ஒரு பெயருள்ள மூடியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

முத்திரையைப் படிப்பது

இப்போது மூடியைத் திறக்கலாம். பிரிட்டிஷ் டப்பாவில் ஐந்து குறிகள் இருக்கலாம். நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. இங்கிலாந்தில் இது 1544 முதல் இருக்கிறது. ஊர்க்குறி: பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு அந்தக் காலத்தில் கிரீடம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்கு மூன்று கோபுரக் கோட்டை, டப்ளினுக்குக் கிரீடம் வைத்த யாழ். லண்டன் சிறுத்தை 1821வரை கிரீடம் வைத்திருந்தது, அதற்குப் பிறகு இல்லை. மூன்றாவது, ஆண்டைக் குறிக்கும் எழுத்து. நான்காவது, செய்தவரின் பெயர் முதலெழுத்துகள். ஐந்தாவது, வரி கட்டியதற்கு அடையாளமான அரசர் தலை. இது 1784 முதல் 1890வரை மட்டும்.

ஆண்டெழுத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். லண்டனில் இருபது எழுத்துக்கு ஒருமுறை சுற்று முடிந்து மறுபடி ஏ (A) எழுத்தில் தொடங்கும், பர்மிங்காமில் சுற்று இன்னும் நீளம். ஒவ்வொரு சுற்றுக்கும் எழுத்தின் பாணியும் அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமும் மாறும். எழுத்தை மட்டும் பார்த்தால் நூறு வருஷம் தப்பாகப் போகும். எழுத்து, அதன் பாணி, கேடயம், ஊர் நான்கையும் சேர்த்து அட்டவணையில் பாருங்கள். அந்தக் காலத்தில் எழுத்து மாறியது ஜனவரியில் அல்ல, ஆண்டின் நடுவில். அதனால் 1842 என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு ஆண்டுகளில் கால் வைத்திருக்கும்.

அரசர் தலையைக் கூடவே ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். 1786 முதல் மூன்றாம் ஜார்ஜ், நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் மூவரும் வலப்பக்கம் பார்ப்பார்கள். விக்டோரியா இடப்பக்கம் பார்ப்பார். 1784 முதல் 1786வரை மட்டும் ஜார்ஜ் தலை பள்ளமாகக் குத்தப்பட்டு இடப்பக்கம் பார்க்கும். 1820களின் எழுத்தும் இடம் பார்க்கும் பெண் தலையும் சேர்ந்திருந்தால் ஏதோ ஒன்று பொய். விக்டோரியா 1837இல் அரசியான பிறகும் சில ஊர்களில் வில்லியம் தலையையே கொஞ்ச காலம் குத்தினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூடியும் அடியும் தனித்தனித் தகடு. அதனால் இரண்டிலும் முத்திரை எதிர்பார்க்கலாம். ஒன்றில் முழு வரிசை, மற்றதில் சிங்கமும் செய்தவர் குறியும் போல ஒன்றிரண்டு. இரண்டிலும் செய்தவர் ஒருவராக இருக்க வேண்டும். மூடியில் எதுவுமே இல்லை, ஆனால் மூடியில்தான் அழகான கோட்டைக் காட்சி என்றால் நன்றாக யோசியுங்கள். சாதாரண டப்பாவுக்குக் கோட்டை மூடி மாற்றிப் பூட்டினால் விலை ஏறும் என்பதால் இந்த வேலை நடக்கிறது.

போலி முத்திரைகளில் எளிதாகப் பிடிபடுவது வார்ப்பு. உண்மையான முத்திரையை இரும்பு அச்சால் அடித்திருப்பார்கள். குறியின் விளிம்பு அடிவரை கூர்மையாக இறங்கும். அசல் டப்பாவை அப்படியே அச்சு எடுத்து வார்த்தால் முத்திரையும் சேர்ந்தே வரும், ஆனால் விளிம்புகள் சோர்ந்து உருண்டிருக்கும், உள்ளே ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். வேறு பொருளிலிருந்து முத்திரையுள்ள துண்டை வெட்டி இங்கே பதித்திருந்தால் அதைச் சுற்றி பற்றாசுக் கோடு ஓடும். மூச்சு ஊதினால் வெளிப்படும். பிரிட்டனில் இப்படி மாற்றிய பொருளை விற்பதே சட்டவிரோதம். சந்தேகப் பொருள்களை ஆராய லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கம்பெனியில் இதற்கென்றே ஒரு நிபுணர் குழு இருக்கிறது.

கீல், மூலை, உள்பூச்சு

நல்ல டப்பாவின் கீல் மூடியோடும் சுவரோடும் ஒரே மட்டமாக மறைந்திருக்கும். மூடினால் மயிரிழைக் கோடு மட்டும் தெரியும். மூடியை எந்தக் கோணத்தில் விட்டாலும் கொஞ்சம் தடுத்து நிற்க வேண்டும், தொப்பென்று விழக் கூடாது. மூடிய பின் மூடியின் இரு ஓரமும் சுவரோடு சமமாக இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் தள்ளி நின்றால் கீல் வளைந்திருக்கிறது அல்லது மாற்றியிருக்கிறார்கள். கீல் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மங்கலாக வழிந்த ஏதாவது தெரிந்தால் அது ஈயப் பற்று. இதை மட்டும் நான் மன்னிப்பதே இல்லை. பிற்காலத்தில் எந்தப் பட்டறைக்காரர் அதைச் சூடாக்கினாலும் ஈயம் வெள்ளிக்குள் ஊறி அரித்துவிடும். வெள்ளிப் பற்றாசில் ஒழுங்காகச் செய்த பழைய செப்பனிடலை ஏற்றுக்கொள்ளலாம்.

மூலைகளை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். டப்பாவுக்குள் டார்ச்சை வைத்து இருட்டில் வெளியிலிருந்து பார்த்தால் ஊசித் துளைகள் நட்சத்திரமாகத் தெரியும். புடைப்பு வேலையில் மேடான இடங்களும், எந்திரக் கோலத்தில் மூலைகளும்தான் முதலில் ஓட்டையாகும்.

உள்ளே தங்கப் பூச்சு இருப்பது அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. ஈரமும் உப்பும் கலந்த பொடி வெள்ளியைக் கறுக்கவைக்கும், தங்கம் தாங்கும். அந்தக் காலத்தில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, தீயில் பாதரசத்தை ஆவியாக்கினார்கள். அந்தப் பூச்சு கெட்டியாக, கதகதப்பான நிறத்தில் இருக்கும். பொடி எடுக்கும் விரல்கள் படும் இடத்தில் மட்டும் தேய்ந்து வெள்ளி எட்டிப்பார்த்தால் சந்தோஷப்படுங்கள், அது புழங்கிய டப்பா. உள்ளே எங்கும் தேயாமல், எலுமிச்சை மஞ்சளில் ஒரே சீராக மின்னினால் பின்னாளில் மின்முலாம் பூசியிருக்கலாம். மின்முலாம் தொழில் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் பரவியது.

மற்ற நாடுகள்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், ஒவ்வொன்றும் தனிப் படிப்பு. ரஷ்ய டப்பாக்களில் செதுக்கிய பள்ளத்தில் வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் கலந்த கருங்கலவையை உருக்கி நிரப்புவார்கள். அதுதான் நியெல்லோ. வெலிகி உஸ்த்யூக் பட்டறைகள் மூடியில் நகரக் காட்சியும் வரைபடமும் போட்டவை, பார்த்தால் கண் எடுக்க முடியாது. 84 என்ற எண் அங்கே 875 பங்கு வெள்ளி. அந்த எண்ணைப் போலியாகக் குத்துவது மிகப் பரவலாக நடக்கிறது, ஆகவே அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பிரான்சில் 1838 முதல் மினர்வா என்ற ரோமானியத் தேவதையின் தலைதான் முத்திரை. ஜெர்மனியின் ஹனாவ் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பிரெஞ்சு முத்திரைகளைப் போலவே குத்தி, பழைய பாணியில் ஏராளமாகச் செய்து அனுப்பியது. வேலை சுத்தமானதுதான், ஆனால் அது பதினெட்டாம் நூற்றாண்டு கிடையாது. அதில் பிரிட்டிஷ் இறக்குமதி முத்திரை இருந்தால் காரியம் எளிது: வெளிநாட்டுப் பொருளுக்கு எஃப் எழுத்து 1867இல் வந்தது, தனி இறக்குமதிக் குறிகள் 1904இல்.

வாங்கும் இடத்தில்

ஏலம், பழம்பொருள் வணிகர், இணையம் மூன்றிலும் வாங்கலாம். தொடக்கத்தில் வெள்ளியை மட்டுமே விற்கும் வணிகரிடம் வாங்குவது நல்லது. கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் கையில் எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாம், தவறான விவரணை என்றால் திருப்பியும் கொடுக்கலாம். ஏலத்தில் சுத்தியல் விழும் விலையோடு ஏல நிறுவனத்தின் கமிஷனும் அதற்கான வரியும் சேரும், அதைக் கூட்டிக்கொண்டுதான் உங்கள் உச்ச விலையை எழுதிக்கொள்ள வேண்டும்.

படத்தை மட்டும் பார்த்து வாங்குவதென்றால் இவற்றைக் கேளுங்கள்: மூடிய மூடி சாய்ந்த வெளிச்சத்தில், திறந்த டப்பா உள்ளே, கீல் பின்பக்கத்திலிருந்து, நான்கு மூலைகள், மூடியிலும் அடியிலும் உள்ள முத்திரைகள் தனித்தனியே, எடை கிராமில். எழுத்தில் மூன்று கேள்விகள் போதும்: எழுத்து எதுவும் அழிக்கப்பட்டிருக்கிறதா, செப்பனிட்டிருக்கிறதா, மூடி தடையில்லாமல் மூடுகிறதா. பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் பேரம் பேசுவதில் பயன் இல்லை.

ஆமை ஓடு, தந்தம் பதித்த டப்பாக்கள் அழகானவை. ஆனால் அவற்றை எல்லை தாண்டிக் கொண்டுபோக அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின்படி அனுமதி வேண்டும், தந்தத்துக்குப் பல நாடுகளில் விற்பனைத் தடையே இருக்கிறது. வெள்ளியும் செதுக்கலும்தான் உங்கள் ஆசை என்றால் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நிம்மதி.

துடைப்பதும் வைப்பதும்

செதுக்கிய வெள்ளியைக் கொல்வது பாலிஷ். ஒவ்வொரு தேய்ப்பும் கொஞ்சம் வெள்ளியை எடுத்துக்கொண்டு போகிறது. கோட்டுக்குள் இருக்கும் கருமையால்தான் செதுக்கல் கண்ணுக்குத் தெரிகிறது, அதை நோண்டி எடுத்தால் மூடி மொட்டையாகிவிடும். முக்கி எடுக்கும் திரவங்கள் வேண்டவே வேண்டாம். அவை கோட்டின் ஆழம்வரை போய் எல்லாவற்றையும் வெளுக்கும், நியெல்லோவைத் தின்றுவிடும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் வைத்துச் செய்யும் முறையும் அதே காரணத்தால் கூடாது.

முதலில் கீலிலும் மூலையிலும் ஒட்டியிருக்கும் பழைய பொடியை மெல்லிய உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, அதில் பஞ்சை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். டப்பாவைத் தண்ணீரில் முக்காதீர்கள், கீலுக்குள் ஈரம் தங்கிவிடும். உடனே பருத்தித் துணியால் ஒற்றி, மூடியைத் திறந்தபடி காயவிடுங்கள். கருமை மிகவும் தொந்தரவாக இருந்தால் நயமான சாக்குத்தூளை (கால்சியம் கார்பனேட்) தண்ணீரில் குழைத்து, மேடான இடத்தில் மட்டும் பஞ்சால் தொட்டுத் தொட்டு எடுங்கள். தங்கப் பூச்சு உள்ள உட்புறத்துக்கு அதுவும் வேண்டாம்.

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, செய்தித்தாள் மூன்றும் கந்தகம் கக்கும். ரப்பர் பேண்டு போட்டு வைத்த டப்பாவில் அந்தப் பட்டையின் கறுப்புத் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடுவதுண்டு. அமிலம் நீக்கிய மெல்லிய காகிதம் அல்லது துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பிவிசி பைகள் கூடாது. எடுக்கும்போது பருத்திக் கையுறை போடுங்கள், அல்லது கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள். வியர்வை உப்பு வெள்ளிக்கு ஆகாது.

ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதிவையுங்கள். நீள அகல உயரம், எடை, முத்திரைகள் இருக்கும் இடம், செதுக்கலின் வகை, எழுத்து இருந்தால் வரி வரியாக அப்படியே, குறைகள், யாரிடம் எப்போது வாங்கியது. செதுக்கலைப் படம் எடுக்கும்போது நேர் வெளிச்சம் வேண்டாம், பக்கத்திலிருந்து தாழ்வாக வரும் ஒற்றை விளக்கு வையுங்கள், கோடுகள் எழுந்து நிற்கும். ரசீதையும் பழைய உரிமையாளர் கொடுத்த சீட்டையும் சேர்த்து வையுங்கள், இவற்றின் பிரதி ஒன்று டப்பாக்கள் இருக்கும் வீட்டுக்கு வெளியே இன்னோரிடத்திலும் இருக்கட்டும்.